மைக்செட் மாமாவும் மடங்காத விரலும்

படுத்துக்கோ கண்ணு. போர்வைய முகத்துக்கு மேல இழுக்காத, அப்புறம் நீ "ம்" சொல்றது அத்தைக்குக் கேக்காது. "ம்" நின்னுச்சுன்னா கதையும் அங்கனயே நின்னுரும், இப்பவே சொல்லிட்டேன்.

ஒரு ஊர்ல ஒரு மைக்செட் மாமா இருந்தாரு. பேரு இசக்கிராஜா. கோயில் கொடைத் திருவிழாவா, கல்யாணமா, புதுவீடு பால்காய்ச்சா, எதுவா இருந்தாலும் அந்த ஊர்ல மொதல்ல வந்து இறங்குறது அவரோட மைக்செட்டுதான். பெரிய ஸ்பீக்கர் குழாயத் தோள்ல மாட்டிக்கிட்டு சரசரசரன்னு வேப்பமரத்துல ஏறுவாரு, உச்சியில கட்டுவாரு, சரசரசரன்னு இறங்குவாரு. இறங்கி வந்து மைக்க டொக் டொக்னு தட்டி, அலோ அலோ மைக் டெஸ்டிங்னு ஒரு சத்தம் குடுப்பாரு பாரு, அடுத்த ஊர்ல மேயுற மாடு கூட காத விடைச்சுக்கிட்டு திரும்பிப் பாக்கும்.

ம் சொல்லு. ஆங்.

அந்த மாமாவுக்கு ஒரு தங்கச்சி, செண்பகவல்லின்னு. அவளுக்கு ஒரு பொம்பளப் பிள்ள பொறந்துச்சு. முத்தரசின்னு பேரு வச்சாங்க. மாமா அந்தப் பிள்ளைய தரையில விடமாட்டாரு, மைக்செட்டுப் பெட்டி மேலயே உக்கார வச்சு பாட்டுப் போட்டுக் காட்டுவாரு. அப்போ, பிள்ளைக்கு மொட்ட அடிச்சுக் காது குத்தணும்ல? காது குத்தும்போது பிள்ள யாரு மடியில உக்காரணும்? ஆமா, தாய்மாமன் மடியில. அப்பா மடி ஆகாது, தாத்தா மடி ஆகாது, மாமன் மடிதான். மாமன் எடது கையால பிள்ள தலைய நெஞ்சோட அணைச்சுக்கணும். வலது கையால பிள்ளையோட ரெண்டு கையையும் ஒண்ணாச் சேத்துப் பிடிச்சுக்கணும். இல்லன்னா ஆசாரி ஊசிய வைக்கும்போது பிள்ள கைய வீசும், ஊசி எங்க போய் ஏறும்னு சாமிக்குத்தான் தெரியும். ஆவணி மாசம் காது குத்திரலாம்னு பேசி வச்சாங்க. மாமா அதுக்குள்ள பிள்ளைக்குப் பட்டுப்பாவாட எடுத்தாச்சு, கம்மலும் எடுத்தாச்சு. அவ்வளவு அவசரம் அவருக்கு.

அப்புறம் என்னாச்சு, அந்த வருசக் கொடைக்கு மாமா மரத்துல ஏறுனாரு. சரசரசர. கிளையில காலு வச்சாரு. மழ பேஞ்சு நனைஞ்ச கிள. சடக். தொப்புன்னு கீழ. குழாய் மேலயே பத்திரமாத் தொங்கிச்சு, அதுக்கு ஒண்ணும் ஆகல. மாமாவுக்குத்தான் வலது கை ஒடிஞ்சு போச்சு.

பயப்படாத, இது அழுவுற கதை இல்ல.

ஆஸ்பத்திரியில எலும்பச் சேத்து வச்சு, மணிக்கட்டுல இருந்து முழங்கைக்கு மேல வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டாங்க. கட்டு ரொம்ப நாளு இருந்துச்சு. அப்புறம் கட்டப் பிரிச்சாங்க. பிரிச்சுப் பாத்தா கை இருக்கு, கையில விரலும் இருக்கு, ஆனா விரலு மடங்க மாட்டேங்குது. விறைச்சுக்கிட்டு நிக்குது, புதுசா வாங்கின விளக்குமாறு மாதிரி. மாமா மடங்குன்னு சொல்றாரு, அது கேக்கல. எட்டுத் திசைக்கும் சத்தம் குடுத்த மனுசன், தன் கையில இருக்குற விரலுக்குச் சொல்லி அது கேக்கல பாத்தியா. மாமாவுக்கு அப்பதான் பயம் வந்துச்சு.

டாக்டர் சொன்னாரு, எலும்பு நல்லாக் கூடிருச்சு, இனிமே பயிற்சிதான் வேணும்னு. கீழ்மாடியில பயிற்சி குடுக்குற ரூமுக்கு அனுப்புனாரு. அங்க இருந்தது ஜெபக்கனின்னு ஒரு பொண்ணு. மாமாவ விடச் சின்னப் பொண்ணுதான். ஆனா மொகத்துல ஒரு கண்டிப்பு. அவ மாமா கைய வாங்கி, வெந்நி ஒத்தடம் குடுத்து, ஒவ்வொரு விரலா மெதுமெதுவா மடக்கிப் பாத்தா. மாமா ஸ்ஸ்ஸ்னாரு. வலிக்கும்தான்ணேன்னு சிரிச்சா.

அப்புறம் ஒரு பை நெறைய சாமான் குடுத்தா. அமுக்கறதுக்கு ஒரு பஞ்சுப் பந்து. கிள்ளிப் பழகுறதுக்கு துணி காயப்போடுற கிளிப்பு. விரலு மடங்காதவங்களும் பிடிக்கிற மாதிரி, பிடி தடிமனா இருக்குற ஒரு கரண்டி. சட்டைப் பொத்தான் போட ஒரு கொக்கி, அதுக்கு மரப்பிடி, முனையில கம்பி வளையம். வளையத்தப் பொத்தான் ஓட்டைக்குள்ள விட்டு, பொத்தானப் பிடிச்சு, ஒரு இழு இழுத்தா சுருக்குன்னு வந்துரும். வீட்டுல சப்பாத்தி மாவும் பிசையச் சொன்னா. சாப்பிடறது, குடிக்கிறது, சட்ட போடறது எல்லாம் நீங்களே பண்ணணும்ணே, அதுதான் மருந்து, விட்டுட்டா விரலு இப்படியே நின்னுபோயிரும், அப்புறம் நானே நெனச்சாலும் மடக்க முடியாதுன்னு சொல்லி அனுப்புனா.

ம் சொன்னியா? சரி.

மாமா பையத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தாரு. வீட்டுல யாரு இருக்கா? அவரோட அம்மா பேச்சியம்மா. தங்கச்சி செண்பகவல்லியும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அண்ணனப் பாத்துக்க வந்துட்டா. ரெண்டு பேருக்கும் பாசம்னா பாசம், ஊர்ல வேற யாருக்கும் இல்லாத பாசம்.

காலையில மாமா சட்டைய மாட்டுவாரு, பொத்தான்ல கை வைக்கிறதுக்குள்ள அம்மா வந்து டக் டக் டக்னு போட்டு விட்டுருவாங்க. டீ வரும், டம்ளரத் தொடுறதுக்குள்ள அம்மா ஃபூ ஃபூன்னு ஊதி வாயில ஊத்தி விட்டுருவாங்க. மத்தியானம் தங்கச்சி சோத்தப் பிசைஞ்சு, உருண்ட உருட்டி, ஆ காட்டுண்ணேம்பா. அந்தப் பக்கம் பிள்ளைக்கு ஒரு வாய், இந்தப் பக்கம் அண்ணனுக்கு ஒரு வாய். பிள்ளை கூட சில நாளு வேணாம்னு தட்டிவிடும். மாமா தட்ட மாட்டாரு.

ஆஸ்பத்திரிச் சாமான்லாம் என்னாச்சுன்னு கேளு. சப்பாத்தி மாவ மாமா பிசையப் போனா, கை வலிக்கும்யான்னு பேச்சியம்மா பிடுங்கிப் பிசைஞ்சு, சப்பாத்தியும் சுட்டு, ஊட்டியும் விட்டுருவாங்க. கிளிப்புல செண்பகவல்லி பிள்ளையோட துணியக் காயப் போட்டுட்டா. பஞ்சுப் பந்து பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் ஆயிருச்சு. தடிக் கரண்டி ஊறுகாய் ஜாடிக்குள்ள போயிருச்சு. அந்தப் பொத்தான் கொக்கி இருக்கே, அதக் கண்டதும் பேச்சியம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம். பாவாடைக்கு நாடா கோக்க இத்தன வருசமா இப்படி ஒண்ணு இல்லாமப் போச்சேன்னு சொல்லி, தெருவுல இருக்குற பாவாட எல்லாத்துக்கும் நாடா கோத்துக் குடுத்தாங்க.

மாமாவும் லேசுப்பட்டவர் இல்ல. மொதல்ல ரெண்டொரு நாளு வெக்கமா இருந்துச்சு, அப்புறம் பழகிருச்சு. உக்காந்த எடத்துல சோறு வாய்க்கு வந்தா யாருக்குத்தான் பழகாது. உனக்குப் பழகலயா? சிரிக்காத, கண்ண மூடு.

அப்போ ஒருநாளு, மாமாவோட பெரியப்பா வந்தாரு. திருவாச்சிப் பெரியப்பா. வந்து உக்காந்து தொண்டையச் செருமிக்கிட்டு, காதுகுத்த தள்ளிப் போட முடியாது, இவன் கையும் இப்படி இருக்கு, பிள்ள ஆடிச்சுன்னா காது கிழிஞ்சுரும், அதனால நம்ம சுடலமணி மடியில வச்சுக் குத்திரலாம், அவனும் மாமன் முறதானன்னாரு. சுடலமணி செண்பகவல்லிக்கு ஒண்ணுவிட்ட அண்ணன், மெட்ராஸ்ல இருக்காரு. செண்பகவல்லி தலையக் குனிஞ்சுக்கிட்டா. பேச்சியம்மா அடுத்த உருண்டைய உருட்டுனாங்க. பிள்ள காதுன்னு வரும்போது யாரு என்ன பேச முடியும்.

அப்போ மாமா வாயில சோறு இருந்துச்சு. அம்மா ஊட்டுன சோறு. அது உள்ளயும் போகல, வெளியவும் வரல. தன் தங்கச்சி பிள்ளைக்கு, தான் எடுத்த கம்மல், வேற ஒருத்தன் மடியில வச்சுப் போடப் போறாங்க. மாமாவுக்கு அழுக வந்துருச்சு. அம்மா முந்தானையால தொடைக்க வந்தாங்க. அதக் கூட அவராத் தொடைக்கல கண்ணு, அம்மாதான் தொடைச்சு விட்டாங்க.

மறுநாளு மாமா ஜெபக்கனிகிட்ட போனாரு. அவ கையப் பிடிச்சுப் பாத்தா. போன தடவ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. அவளுக்குப் புரியல. பந்து அமுக்குனீங்களா, கிளிப்பு பண்ணீங்களான்னு கேட்டா. மாமா சொவத்தப் பாத்தாரு. கடைசியா ஒண்ணு கேட்டா.

"வீட்டுல யாரு கையால சாப்பிடறீங்கண்ணே?"

மாமா மெதுவாச் சொன்னாரு, "அம்மா கையால."

அவ மாமாவத் திட்டல. அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்கன்னா. ரெண்டு பேரும் அடுத்த நாளு தூக்குச்சட்டியோட வந்து நின்னாங்க, அங்கயும் ஊட்டலாம்னு. ஜெபக்கனி அவங்கள உக்கார வச்சு, அம்மாவோட கையத் தன் கையில எடுத்து வச்சுக்கிட்டா.

"உங்க பாசத்துல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா அந்தக் கை பண்ண வேண்டிய பயிற்சியெல்லாம் நீங்க பண்ணிட்டீங்க. உங்க கை நல்லாத் தேறியிருக்கு. அவர் கைதான் தேறல."

பேச்சியம்மா முகம் அப்படியே விழுந்து போச்சு. எம்பிள்ள சிந்திச் செதறித் திங்கறத நான் எப்படித்தாயி பாப்பேன்னு கேட்டாங்க. பாக்காதீங்க, திரும்பி நின்னுக்கோங்கன்னா ஜெபக்கனி.

ம்? தூங்கிட்டியோன்னு பாத்தேன். இனிமேதான் கதையே.

வீட்டுக்கு வந்ததும் மொதல் வேல, பாவாட நாடாவுல இருந்து பொத்தான் கொக்கிய மீட்டதுதான். மாமா கொக்கிய எடுத்தாரு, ஓட்டைக்குள்ள விட்டாரு, இழுத்தாரு, பொத்தான் நழுவிச்சு. மறுபடி விட்டாரு, மறுபடி நழுவிச்சு. பேச்சியம்மா கையப் பின்னால கட்டிக்கிட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னாங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல எல்லாப் பொத்தானும் போட்டு முடிச்சாரு. பாத்தா, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கெடக்கு. தப்பு ஓட்டையில ஆரம்பிச்சிருக்காரு மனுசன். இருந்தாலும் கழட்டல. அந்தச் சட்டையோடயே கட வீதி முழுக்க ஒரு சுத்துச் சுத்திட்டு வந்தாரு. யாரு சிரிச்சாலும், இது நானே போட்டதுன்னாரு.

அப்புறம் சாப்பாடு. ஊறுகாய் ஜாடியில இருந்து தடிக் கரண்டியக் கழுவி எடுத்தாங்க. தட்டு நகராம இருக்க அடியில ஈரத்துணி விரிச்சாங்க. மாமா ஒரு வாய் எடுத்தாரு, பாதி மூக்குல. இன்னொரு வாய், காதோரம். கரண்டி நழுவி ணங்ணு தரையில. பேச்சியம்மா சொவத்தப் பாத்துத் திரும்பி நிக்கிறாங்க. ணங்ணு கேட்டா அவங்க தோளு துடிக்கும். ஆனா திரும்ப மாட்டாங்க. ணங். தோளு துடிக்கும். ணங். தோளு துடிக்கும். அந்த ஊரு காக்கா கோழியெல்லாம் அந்த மாசம் நல்லாச் சாப்பிட்டுக் கொழுத்துச்சு. அப்புறம் மாமா கரண்டிய ஓரமா வச்சுட்டு வெறுங்கையில ரசஞ்சோத்தப் பிசைய ஆரம்பிச்சாரு. அது கரண்டிய விடக் கஷ்டம், விரலு இடுக்கு வழியா ரசம் முழங்கை வரைக்கும் ஓடும்.

ஒருநாளு பேச்சியம்மா சொவத்தப் பாத்து நிக்கிறாங்க, நிக்கிறாங்க, ஒரு சத்தமும் இல்ல. பயந்துபோய்த் திரும்பிப் பாத்தா, மாமா தட்ட வழிச்சு முடிச்சிட்டு விரல நக்கிக்கிட்டு இருக்காரு. அந்தம்மா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. அழுதாங்க, சிரிச்சாங்க, ரெண்டும் ஒரே நேரத்துல. பாசத்த அடக்கிக்கிட்டு நிக்கிறது இருக்கு பாரு, அது ஊட்டி விடறத விடப் பெரிய வேல கண்ணு. அத்தை கண்ணால பாத்திருக்கேன்.

அப்புறம் ஜெபக்கனி பாத்துட்டுச் சொன்னா, பிடிக்கு இறுக்கம் வந்துருச்சுண்ணே, பதம் இன்னும் வரலன்னு. பிள்ளையோட கைய நசுக்கவும் கூடாது, விடவும் கூடாது. அதுக்கு எப்படிப் பழகுறது? பிள்ளைய வச்சா பழக முடியும்? மாமா யோசிச்சு யோசிச்சு, வீட்டுக் கோழியப் பிடிச்சாரு.

ஆமா, கோழிதான்.

மடியில வச்சு, எடது கையால அணைச்சு, வலது கையால காலு ரெண்டையும் பிடிச்சாரு. பிடி லேசா இருந்துச்சு. கோழி கொக் கொக் கொக்னு கத்திக்கிட்டு படபடபடன்னு ஓட்டு மேல போய் உக்காந்துக்கிச்சு. மறுபடி பிடிச்சாரு. இந்தத் தடவ இறுக்கிட்டாரு. அது திரும்பி அவரு மூக்குலயே ஒரு கொத்து, ணொட்டுன்னு. மாமா ஐயோன்னு விட்டுட்டாரு. மறுபடியும் பிடிச்சாரு. இறுக்காம, தளத்தாம, அது மூச்சு விடறது விரலுக்குத் தெரியற மாதிரி மெதுவாப் பிடிச்சாரு. கோழி ஒரு தடவ முழிச்சுப் பாத்துச்சு. க்ர்ர்ர்னுச்சு. அப்படியே கண்ண மூடி அவரு மடியிலயே தூங்கிருச்சு. இப்ப நீ தூங்கப் போற மாதிரி.

ம்... மெதுவாத்தான் வருது. சரி, கேளு.

ஆவணி வந்துச்சு. கோயில்ல பிள்ளைக்கு மொட்ட போட்டு, சந்தனம் தடவி, பட்டுப்பாவாட கட்டியாச்சு. ஜமுக்காளம் விரிச்சாச்சு. சுடலமணியும் மெட்ராஸ்ல இருந்து பளபளன்னு பட்டு வேட்டியோட வந்துட்டாரு. திருவாச்சிப் பெரியப்பா அவரப் பாத்து, வாடே வந்து உக்காருன்னு கையக் காட்டுறாரு. இசக்கிராஜா மாமா தூணு பக்கத்துல நிக்கிறாரு. அவரா எப்படிக் கேப்பாரு? பிள்ள காதுல்லா.

அப்போ செண்பகவல்லி என்ன பண்ணா தெரியுமா? பிள்ளையத் தூக்கிக்கிட்டு பெரியப்பாவத் தாண்டி, சுடலமணியத் தாண்டி, நேரா அண்ணங்கிட்ட வந்து நின்னா.

"உக்காருண்ணே. பிள்ள உன் மடிக்குத்தான் வரும்."

பெரியப்பா ஏதோ சொல்ல வந்தாரு. ஆசாரி கையக் காட்டி நிறுத்துனாரு. ஆசாரிக்கும் ஊசி தவறிருமோன்னு ஒரு பயம், பிடி சரியில்லன்னா ஊசிய எடுக்க மாட்டாரு. மாமா பக்கத்துல வந்து தன் கட்டவிரல மாமா உள்ளங்கையில வச்சு, பிடிங்க பாப்போம்னாரு. மாமா பிடிச்சாரு. ஆசாரி இழுத்துப் பாத்தாரு, வரல. தன் விரலு வலிக்குதான்னு யோசிச்சுப் பாத்தாரு, வலிக்கல. போதும்னு சொல்லிட்டு ஊசிய எடுத்தாரு. எல்லாரையும் விட சுடலமணிக்குத்தான் நிம்மதி. பிள்ள பட்டு வேட்டிய நனைச்சிருமோன்னு காலையில இருந்து அவருக்குக் கவல.

முத்தரசி மாமா மடியில உக்காந்துச்சு. மாமா எடது கையால தலைய அணைச்சாரு. வலது கைக்குள்ள பிள்ளையோட சின்னக் கை ரெண்டையும் வச்சு, ஒவ்வொரு விரலா மூடுனாரு. சுருக். வீல்னு ஒரு கத்து. அந்தச் சின்னக் கை உள்ள கெடந்து மீனு மாதிரி துள்ளுது. மாமா விடல, நசுக்கவும் இல்ல. அடுத்த காது. சுருக். வீல். பொம்பளைங்க எல்லாம் குலவ போட்டாங்க, உலுலுலுலு. காது கிழியல, ஊசி தவறல. கம்மல் ரெண்டும் மினுக்மினுக்னு நின்னுச்சு.

அப்புறம்தான் வந்துச்சு பாரு வம்பு. பிள்ளையத் தூக்கலாம்னு செண்பகவல்லி கைய நீட்டுறா. மாமா விரலு தொறக்கல. பயத்துல அப்படியே பூட்டிக்கிச்சு. பிடிக்கப் பழகுன கை, விடறதுக்குத் திணறுது. பிள்ளைக்கு வலிக்கல, ஆனா கை உள்ள மாட்டிக்கிச்சு. மாமாவுக்கு வேர்த்துக் கொட்டுது. ஒடனே சும்மா இருப்பாங்களா? பெரியப்பா ஓடி வாராரு, சித்திமாரு ஓடி வாராங்க, விரலப் பிரிச்சு விட ஆளாளுக்குக் கைய நீட்டுறாங்க.

பேச்சியம்மா குறுக்க வந்து நின்னாங்க.

"ஒருத்தரும் தொடக் கூடாது. அவனே விடுவான்."

கூட்டம் முழுக்க அப்படியே நின்னுச்சு. அவ்வளவு பேரும் கையப் பின்னால கட்டிக்கிட்டு, மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. மாமா கண்ண மூடுனாரு. மெதுவாக் கட்டவிரலு அசைஞ்சுச்சு. தொறந்துச்சு. அப்புறம் அடுத்த விரலு. பிள்ள அழுகைய நிறுத்திட்டு, மூக்கு ஒழுக, என்ன நடக்குதுன்னு குனிஞ்சு பாக்குது. அப்புறம் அடுத்தது. மோதிர விரலு நடுங்கி நடுங்கித் தொறந்துச்சு. சுண்டுவிரலு கடைசியில.

இப்போ மாமா உள்ளங்கை முழுசா விரிஞ்சு கெடக்கு. இனிமே பிள்ள போகலாம். யாரும் பிடிக்கல.

ஆனா முத்தரசி கைய எடுக்கல கண்ணு. அங்கயே வச்சுக்கிட்டு இருந்துச்சு.

ம்... ம் வரலயே. சரி சரி. கதைக்கும் கண்ணு சொருகிருச்சு, நீயும் தூங்கு.